சடலப் பணிக்கு மட்டும்

தேனியில் இருக்கிற மண்டல உயரழுத்தக் கொள்கலன் பரிசோதனை மையத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். அந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து, அது முத்திரை குத்தி அனுப்பிய சிலிண்டர் ஒன்றுகூட வெடித்ததில்லை. இப்படி ஒரு சாதனை வேறு எந்த மையத்துக்கும் கிடையாது. இதுவரை எத்தனை சிலிண்டருக்கு முத்திரை குத்தினார்கள் என்று கேட்பவர்கள் பொறாமை பிடித்தவர்கள்.

எங்கள் சூசையப்பர்புரத்து ஆரோக்கிய பிரபு அந்த மையத்துக்குப் போய்வந்த கதையை அவன் வாயால் கேட்டேன். கேட்டதை அப்படியே சொல்கிறேன். கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் மையத்தார் அதற்கு இடமே வைக்கவில்லை.

பிரபு கொச்சியில் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டும் கம்பெனியில் முக்குளிக்கும் வேலை பார்த்தவன். கம்பெனியை மூடியபோது முதலாளி அவனிடம் ஒரு காற்று சிலிண்டரைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சு விடுவதற்கானது. எஃகு, மேலே துத்தநாக முலாம். ஜி.ஐ. வாளியும் ஜி.ஐ. பைப்பும் என்ன சாம்பல் நிறமோ அதே நிறம். அதை வைத்துக்கொண்டு, திராட்சைத் தோட்டக் கிணறுகளில் கயிறு அறுந்து விழுந்த மோட்டார்களை எடுத்துக் கொடுத்துப் பிழைத்து வந்தான். மனைவி கிளாரா, இரண்டு பிள்ளைகள், கிழக்குத் தெருவில் ஒரு வீடு.

அந்த ஐப்பசியில் மேகமலைப் பக்கம் மழை பிடித்தது, விடவில்லை. ஓடையோடு ஒரு வாகை மரம் வேரும் கிளையுமாக வந்து எங்கள் பாறைக்குளம் கண்மாயின் மடைவாயில் சொருகிக்கொண்டது. ஒரு கிளை ஷட்டருக்கு அடியில் போய் மாட்டிவிட்டதால் மேலே இருந்த சக்கரத்தை நாலு பேர் சேர்ந்து திருகியும் அசையவில்லை. உபரித் தண்ணீர் மறுகாலில் பாய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வரத்துக்கு அது போதவில்லை. கரையின் நடுவில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கரைக்குக் கீழே அறுப்புக்கு நின்ற நெல், நெல்லுக்குக் கீழே கிழக்குத் தெரு. கரை போனால் தெரு போகும். அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினோம். ஒருவர் வந்து தண்ணீரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் ஊருக்கு மடை திறக்கிறவர் ஒச்சாண்டி. அவரும் கிழக்குத் தெருதான். மூச்சை அடக்கி இறங்கித் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"தொடை தண்டிக்கு ஒரு கெளை மாட்டியிருக்கு. அத அறுத்துட்டாப் போதும், ஷட்டரு தன்னால ஏறிரும்" என்றார். "ஆனா எம்மூச்சுக்கு நாலு இழுப்புக்கு மேல அறுக்க முடியல. கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

பிரபுவின் சிலிண்டரில் அப்போது கால்வாசிக் காற்று இருந்தது. "இருக்குற காத்தோட எறங்கிர்றேன்" என்று பெல்ட்டை எடுத்தான்.

கிளாரா கையைப் பிடித்துக்கொண்டாள். "அடியில மரம் மாட்டிக் கெடக்கு, அறுத்து முடிக்க எம்புட்டு நேரம் ஆகும்னு தெரியல. கால்வாசிக் காத்த நம்பியா எறங்குவீக? முழுசா நெறச்சுக்கிட்டு வாங்க."

பாசன சங்கத் தலைவர் பக்கீர் முகம்மது பெரியவருக்கும் அதுதான் சரியென்று பட்டது. "குமுளிக்குப் போயி நெறச்சுக்கிட்டு மதியத்துக்குள்ள வந்துரு தம்பி. தண்ணி எங்கன ஓடிப்போகப் போகுது?" என்றார்.

நியாயமான பேச்சு. அதனால் பிரபு குமுளிக்குப் போனான்.

குமுளிக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் வைத்திருந்த மலையாளி நல்ல மனிதர். சிலிண்டரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தப் பரிசோதனை செய்து அங்கே தேதியை முத்திரையாகக் குத்த வேண்டும். தேதி போன மாதத்தோடு முடிந்திருந்தது.

"மோனே, ஸ்டாம்ப் தீர்ந்நு போயி. இனி அடிச்சா என்ட லைசன்ஸ் போகும்" என்றார். "தேனியில டெஸ்ட் செய்யான் ஸ்தலமுண்டு. அங்கோட்டு போ. ஒரு மணிக்கூர் பணிதான்."

தேனி பஸ்ஸில் கண்டக்டர் சிலிண்டரைப் பார்த்ததும் விசில் ஊதினார். "கேஸெல்லாம் ஏத்தக் கூடாதுப்பா."

"கேஸ் இல்லண்ணே, காத்து."

"காத்தா? காத்துக்கெல்லாமாடா டப்பா வச்சிருக்கீக?" என்று வியந்துவிட்டு ஏற்றிக்கொண்டார். அந்தப் பயணத்தில் பிரபுவுக்குக் கிடைத்த கடைசி நியாயம் அதுதான்.

பரிசோதனை மையம் ஊருக்கு வெளியே, மூன்று மாடி. வாசலில் காவலாளி சிலிண்டருக்கு ஒரு பார்வையாளர் அட்டை கட்டினார். உள்ளே போனதும் அதை ஒரு மெத்தையில் படுக்க வைத்தார்கள். ஆளுக்கு நாற்காலி இல்லை. சுவரில், 'சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும் பகுதி, உரக்கப் பேசாதீர்' என்று எழுதியிருந்தது. பிரயாண அலுப்பில் வந்த சிலிண்டர் பதற்றமாக இருக்கும், உடனே அளந்தால் தப்பாகக் காட்டும் என்று காவலாளியே விளக்கினார். பிரபு தன் பதற்றத்தைச் சொல்லப் பார்த்தான். அதற்கு மையத்தில் மெத்தை இல்லை.

முதுநிலை அளவையர் நதியா வந்து வால்வில் காது வைத்துப் பார்த்தார். "உள்ளே காற்று இருக்கிறதே?"

"கால்வாசி இருக்குது மேடம்."

"காலி சிலிண்டரைத்தான் சோதிப்போம். திறந்து விடுங்கள்."

"மேடம், கண்மாய் ஒடையப் போகுது. டெஸ்ட்டுல எதுனாலும் ஆகிப்போச்சுன்னா இந்தக் காத்தாவது மிஞ்சட்டும். இத வேற எதுலயாவது பிடிச்சு வையுங்களேன்."

"முத்திரை காலாவதியான சிலிண்டரில் இருக்கிற காற்றும் காலாவதியான காற்றுதான்" என்றார் நதியா. "அதை நீங்கள் சுவாசித்திருந்தால் சட்டப்படி நீங்கள் சுவாசிக்கவில்லை."

வால்வைத் திறந்துவிட்டார்கள். மழையால் அப்போது கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்று, அலுவலகம் புழுங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டர் சீறியதும் நாலு மேசைக்காரர்களும் எழுந்து வந்து அதன் முன்னால் நின்றார்கள். ஒருவர் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிக்கொண்டார். நதியா முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார். கிளையை அறுத்து ஷட்டரைத் தூக்கியிருக்கக்கூடிய காற்று அவர்கள் முகத்தில் வீசி முடிந்தது. பிரபு வால்வின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான். கை ஜில்லிட்டுப் போனது என்றான் என்னிடம்.

சிலிண்டர் காலியானதும் நதியா அதை விரலால் சுண்டினார். "இது என்ன பூச்சு?"

"ஜி.ஐ. மேடம்."

"ஜி.ஐ. என்றால் எங்கள் பிரிவு இல்லை. குழாய்ப் பிரிவு, இரண்டாவது மாடி."

இரண்டாவது மாடிக்குத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான். குழாய்ப் பிரிவில் இருந்தவர் மகிழ்ந்துபோனார். அந்தப் பிரிவுக்கு ஆள் வந்தே வெகுகாலமாகியிருந்தது. சிலிண்டரைப் பெஞ்சில் கிடத்தி ஒரு முனையில் தண்ணீர்க் குழாயைப் பொருத்தினார். பிறகு அடிப்பக்கம் வந்து தேடினார்.

"இன்னொரு முனை எங்கே?"

"இன்னொரு முனை இல்லீங்க சார். இது சிலிண்டரு."

"குழாய்க்கு இரண்டு முனை இருக்கும் தம்பி. ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் வர வேண்டும்." அவர் வெகுநேரம் விட்டுப் பார்த்தார். வரவில்லை. 'அடைப்புள்ள குழாய், பயன்பாட்டுக்கு உகந்ததல்ல' என்று சீட்டு ஒட்டிவிட்டார். அடைப்பை எடுக்கத் தன் மைத்துனர் கூடலூரில் நல்லபடி செய்வார் என்றும் சொன்னார்.

அதற்குள் கிளாரா இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். கசிவில் மண் கலங்கி வருகிறதாம். ஊர் ஆட்கள் மூட்டையில் மணல் கட்டி அடுக்குகிறார்களாம். பிரபு அந்தச் சீட்டோடு முதல் மாடிக்கு ஓடி, மையத்தின் துணை இயக்குநர் லிங்கேஸ்வரனின் அறைக்குள் அனுமதி கேட்காமலே நுழைந்துவிட்டான்.

லிங்கேஸ்வரன் கோபப்படவில்லை. மக்களுடன் பேசுவதில் அவருக்கு ஆசை. சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"குழாய்ப் பிரிவு தப்பு செய்யவில்லை. அவர்களுக்குத் தெரிந்த அளவில் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் பெருமையே அதுதான். ஒவ்வொருவருக்கும் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ரகசியம் என்ன, பொறுப்பு என்ன?" சீட்டைக் கிழித்துப் போட்டார். "என் தனி அதிகாரத்தில் இதைச் சிலிண்டர் என்று ஏற்றுக்கொள்கிறேன். போங்கள், சோதனை நடக்கும்."

பிரபு கையெடுத்துக் கும்பிட்டான். கண் கலங்கிவிட்டது. சோதனைக் கூடத்தில் எல்லாம் தயாராக இருந்தது. தொட்டியில் மட்டும் தண்ணீர் இல்லை.

அழுத்தச் சோதனை என்பது இதுதான். சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி, தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் இறக்கி மூடி, உள்ளே அழுத்துவார்கள். சிலிண்டர் விரிந்தால் தொட்டித் தண்ணீர் ஒரு கண்ணாடிக் குழாயில் ஏறும். அழுத்தத்தை எடுத்ததும் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றது எவ்வளவோ அவ்வளவுக்குச் சிலிண்டர் நிரந்தரமாக விரிந்துவிட்டதாகக் கணக்கு. அது ஓர் அளவைத் தாண்டினால் சிலிண்டருக்கு ஓட்டை போட்டுவிடுவார்கள்.

"தண்ணீர் லாரி வரவில்லை. மழையில் ரோடு முழுகிவிட்டதாம்" என்றார் நதியா.

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மையத்து முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. காவலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் நடந்து போனார்.

"மேடம், இந்தா நிக்குதே தண்ணி. நானே மொண்டு ஊத்துறேன்."

"அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"வானத்துல இருந்து மேடம்."

"வானம் நம்மிடம் பதிவு செய்த விநியோகஸ்தர் இல்லை" என்றார் நதியா. அவர் கிண்டல் செய்யவில்லை. முகத்தில் வருத்தம் இருந்தது. உங்களுக்காக இவ்வளவு யோசிக்கிறேனே என்கிற வருத்தம்.

பதிவு செய்த சிலிண்டரை வெளியே கொண்டுபோகக் கூடாது. அதை விட்டுவிட்டு ஊருக்குப் போகப் பிரபுவுக்கு மனம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தான். மறுநாள் விடிந்ததும் கிளாராவின் போன். ஒச்சாண்டி ரம்பத்தோடு இறங்கி, மூக்கில் ரத்தம் வழிய மேலே வந்தாராம். கொஞ்சம் அறுத்திருக்கிறாராம். உட்காரச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாராம்.

"அவர் எறங்க வேணாம்னு சொல்லு. இன்னைக்கு எப்புடியும் நெறச்சுக்கிட்டு வந்துருவேன். ஆத்தா மேல சத்தியமாச் சொல்றேன்" என்று கத்தினான்.

"சொன்னாக் கேக்குற ஆளா அவுக? கரை முங்குனா மொதல்ல எங்கிட்டத்தான் கேப்பாகன்றாக. நீங்க சீக்கிரம் வாங்க."

லாரித் தண்ணீர் வந்தது. சிலிண்டரை இறக்கினார்கள், மூடினார்கள், அழுத்தினார்கள். நதியா கண்ணாடிக் குழாயின் அருகே குனிந்து நின்றார். துணை இயக்குநரும் வந்து நின்றார். தண்ணீர் ஏறியது. பிரபு மாதாவைக் கூப்பிட்டான். அழுத்தத்தை எடுத்தார்கள். தண்ணீர் இறங்கியது, இறங்கியது, ஓரிடத்தில் நின்றுவிட்டது. அந்த அளவைக் காட்டும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே.

லிங்கேஸ்வரன் பிரபுவின் தோளில் கை வைத்தார்.

"பிரபு, அழுத்தினால் விரிவது தப்பில்லை. நானும் விரிகிறேன், நீங்களும் விரிகிறீர்கள். ஆனால் அழுத்தத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். எங்களிடம் வருகிற பொதுமக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கொதித்துக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் பழைய அளவில் வீட்டுக்குப் போவார்கள். அதுதான் தரம். உங்கள் சிலிண்டர் மனதில் வைத்துக்கொள்கிறது."

"சார், கொச்சியில டெஸ்ட் பண்ணப்ப பாஸானதுதான் சார்."

"ஆகியிருக்கும். ஜி.ஐ. சிலிண்டர் வெகுநாள் கழித்து அழுத்தும்போது முதல் தடவை இப்படித்தான் காட்டும். கொஞ்சம் குறைவாக ஒருமுறை அழுத்திப் பழக்கிவிட்டு, அப்புறம் அளந்தால் சரியாக வரும். இது எனக்குத் தெரியாதா? இதைப் பற்றி நானே கருத்தரங்கில் கட்டுரை படித்துப் பொன்னாடை வாங்கியிருக்கிறேன்." சுவரில் தொங்கிய போட்டோவைக் காட்டினார். பொன்னாடை உண்மையிலேயே நல்ல பட்டு.

பிரபுவுக்கு உயிர் வந்தது. "அப்ப அந்த மாதிரியே செஞ்சிருங்க சார்!"

"அது கட்டுரை" என்றார் லிங்கேஸ்வரன். "இது அலுவலகம்."

"இன்னொருக்கா அழுத்திப் பாருங்க சார். ஒரே ஒருக்கா."

"மறுபரிசோதனை செய்ய வேண்டுமானால் முதலில் சிலிண்டர் தோற்க வேண்டும். தோற்றுவிட்டால் உடனே ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்டதை மறுபரிசோதனைக்கு எடுக்க முடியாது, ஒழுகும். அதனால்தான் உங்கள் மேல் இரக்கப்பட்டு, தோற்றதாக அறிவிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். இது ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. இந்த நிலையில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் பத்திரமாக இருக்கலாம். நானே பதவி உயர்வு விஷயத்தில் அப்படித்தான் இருக்கிறேன்."

பிரபு தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரிய மனிதர்கள் முன்னால் அழக் கூடாது என்று நினைத்திருக்கிறான். ஆனால் வாய்விட்டு அழுதுவிட்டான். கொச்சியில் கப்பலுக்கு அடியில் இருட்டில் கிடந்தபோதுகூட இப்படி மூச்சு முட்டியதில்லை என்றான். நதியா மனமிரங்கி, சிலிண்டர் துடைக்கிற பஞ்சில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. கிளாரா.

"ஏங்க, ஒச்சாண்டி மாமா மறுபடியும் எறங்கிட்டாக. கவுத்தைக் கட்டிக்கிட்டுத்தான் எறங்குனாக. கவுறு தொவண்டு கெடக்குங்க. இழுத்தா எங்கனயோ மாட்டியிருக்கு, வர மாட்டேங்குது." பின்னால் யாரோ ஒரு பெண் அலறுவது கேட்டது. ஒச்சாண்டியின் மனைவி சங்கிலியம்மாள். "எறங்கி அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க."

பிரபு போனைப் பிடித்தபடியே அந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னான். ஆள் உள்ளே இருக்கிறார், அரை மணி நேரமாக வரவில்லை.

லிங்கேஸ்வரன் நிமிர்ந்தார். "அரை மணி நேரமா? உறுதியாகத் தெரியுமா?"

"ஆமா சார்."

"மூச்சுக் கருவி ஏதும் இல்லாமலா?"

"இல்லாமத்தான் சார்."

"அப்படியானால் இது மடை வேலை இல்லை. சடலம் எடுக்கிற வேலை!" அவர் மேசை மணியைத் தட்டிய தட்டில் மூன்று மாடியிலும் ஆட்கள் எழுந்தார்கள். "சடலப் பணிக்கு முழு விதிவிலக்கு உண்டு. முத்திரை தேவையில்லை, முடிவு தேவையில்லை, லாரித் தண்ணீர் தேவையில்லை. நதியா, கம்ப்ரஸர்!"

கம்ப்ரஸர் கட்டடத்தின் பின்பக்கமே இருந்தது. பிரபு நேற்றிலிருந்து சாய்ந்து நின்ற சுவருக்கு அந்தப் பக்கம். தார்ப்பாயை எடுத்தார்கள். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் புதுசாக இருந்தது. முதல் இழுப்பிலேயே ஓடியது. ஜெயிக்கவும் தோற்கவும் இல்லாத அந்தச் சிலிண்டரில், அவன் கேட்டதைவிட அதிகமாகவே காற்றை நிரப்பினார்கள். காத்திருந்த நேரத்தில் ஒருவர் அச்சுத் தகட்டை வைத்துச் சிவப்புப் பெயிண்ட்டில் 'சடலப் பணிக்கு மட்டும்' என்று எழுதினார். தகடு தயாராகவே இருந்தது. துணை இயக்குநரே தன் ஜீப்பை எடுக்கச் சொன்னார். மேலே சுழலும் விளக்கும் இருந்தது.

ஜீப்பில் பிரபு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சார், நான் எறங்குறப்பவே அந்தக் கெளையையும் அறுத்துவிட்டுர்றேனே?"

"கூடாது. இந்தக் காற்று சடலத்துக்காக ஒதுக்கப்பட்டது. அதை உயிரோடு இருப்பவர்களுக்காகச் செலவழிப்பது நிதி ஒழுங்கீனம் மாதிரி" என்றார் லிங்கேஸ்வரன். சின்னமனூர் தாண்டும்வரை அது ஏன் என்று பொறுமையாக விளக்கிக்கொண்டே வந்தார்.

கரையில் ஊரே நின்றது. தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. சங்கிலியம்மாள் கயிற்றின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை அவரிடமிருந்து வாங்க யாருக்கும் துணிவில்லை. பிரபு யாரையும் பார்க்காமல் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியாது, கையால்தான் பார்க்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனான். முதலில் தட்டுப்பட்டது ஒச்சாண்டியின் தோள். இடுப்புக் கயிறு ஒரு கொம்பில் சுற்றியிருந்தது. வலது கை ரம்பத்தை விடவில்லை. ரம்பம் கிளையில் இறங்கி நின்றது. பிரபு வெட்டுவாயைத் தடவிப் பார்த்தான். அந்தத் தொடை தண்டிக் கிளையை அவர் மூச்சு மூச்சாக அறுத்து முடிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். இன்னும் நாலு இழுப்புதான் பாக்கி, இன்னும் ஒரு மூச்சு.

அவரை அவிழ்த்து மேலே கொண்டுவந்தான். அதுவரைக்கும் அழாதவர்களும் அழுதார்கள். லிங்கேஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். மரியாதை தெரிந்தவர். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பணி முடிந்தது. மீதிக் காற்றைத் திறந்து விட்டுவிடுங்கள்" என்றார்.

பிரபு அவரைப் பார்த்தான். வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு மறுபடி முங்கினான்.

கொஞ்ச நேரத்தில் மேலே சக்கரம் சுழன்றது. ஷட்டர் ஏறியது. மடைக்கு வெளியே வாய்க்காலில் செந்தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்து, வயலை விட்டு விலகி, கீழ்க் கண்மாயைப் பார்த்து ஓடியது. கரை நின்றது. தெரு நின்றது. யாரும் சத்தம் போட்டுச் சந்தோஷப்படவில்லை. சங்கிலியம்மாள் புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் லிங்கேஸ்வரனுக்கு நாலு வார்த்தை பேசாமல் இருக்க முடியவில்லை. "துயரமான வேளைதான். ஆனால் ஒன்றை எல்லோரும் கவனிக்க வேண்டும். அவசரம் என்று தெரிந்ததும் எங்கள் மையம் ஒரு மணி நேரத்தில் சிலிண்டரை நிரப்பி, ஆளோடு இந்த இடத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. எங்களால் முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது."

சங்கிலியம்மாள் தலையைத் தூக்கினார். "ஏஞ்சாமி, அந்த ஒரு மணி நேரத்துல நீங்க வரணும்னா எம்புருசன் செத்தாத்தான் முடியுமா?"

லிங்கேஸ்வரன் பொய் சொல்கிறவர் இல்லை. அந்த அம்மாவுக்குப் புரியும்படி, கனிவாக, "ஆமாம்மா. விதியில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்.

பிறகு ஜீப்பில் ஏறிப் போனார். சடலம் எடுத்த பிறகு மிச்சமிருந்த காற்றைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது ஏன் என்று பிரபுவிடம் விளக்கம் கேட்டு மையத்திலிருந்து ஆள் வந்தார். பிரபு விளக்கம் கொடுக்கவில்லை. அவன் இப்போது கிணற்று வேலைக்கும் போவதில்லை. சிவப்பு எழுத்து இருப்பதால் மோட்டார் எடுக்க அந்தச் சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாதாம். கிளாரா அதை எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறாள். ஒச்சாண்டி பேச்சை எடுத்தால் பிரபு எழுந்து வெளியே போய்விடுவான். பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

இந்த ஐப்பசி பிறப்பதற்கு முன் பாசன சங்கக் கூட்டம் போட்டார்கள். அந்த வாகை மரத்தின் மீதி இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. மேகமலையில் மழை பிடித்தால் மறுபடி மடை அடைக்கும். என்ன செய்வது என்று பேச்சு வந்தது. மனு கொடுக்கலாம் என்றார் ஒருவர். கையெழுத்து வாங்கலாம் என்றார் இன்னொருவர். சிலிண்டர் இருக்கிறது, இறங்கத் தெரிந்தவன் இருக்கிறான், காற்றுக்கு மட்டும்தான் வழி இல்லை.

அன்றைக்குப் பிரபுவைக் காற்று நிறைக்க அனுப்பிய தலைவர் பக்கீர் முகம்மது தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தம்பி பிரபுவத் தேனியில கொண்டுபோயி தயாரா நிப்பாட்டிருவோம். சிலிண்டரும் அங்கனயே இருக்கட்டும்" என்றார். "இங்கன மொதல்ல நான் எறங்குறேன். எனக்கு வயசும் ஆச்சு, நீச்சலும் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா என்று நான் சுற்றிலும் பார்த்தேன். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.